ஈரத்தை ஏன் மேலே போடவில்லை?

வாசகர் கேள்வி பதில்

நோன்பு முடிந்து ஒரு மாதம் ஆகிவிட்டது. ஆனாலும் இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் நோன்பு மாதத்து ஆன்லைன் போட்டிகளைப் பற்றித்தான். வினாடி வினா, கிராஅத் (குர்ஆன் ஓதுதல்), கட்டுரை, குழந்தைகள் ஓவியம் என்று ஊருக்கு நாலு போட்டி நடக்கிறது, பரிசும் கொடுக்கிறார்கள், நல்ல விஷயம்தான். அதில் தாங்கள் செய்த, அல்லது பார்த்த சில காரியங்கள் மனதை உறுத்துவதாகப் பலரும் எழுதியிருக்கிறார்கள். உறுத்துகிறது என்பதே அல்லாஹ் செய்த கிருபை. பெயர்களை எடுத்துவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

கேள்வி: என் மகளுக்கு 11 வயது. நோன்பில் ஒரு ஆன்லைன் வினாடி வினாவில் கலந்துகொண்டாள். 30 கேள்வி, 20 நிமிடம். யாரிடமும் கேட்கக் கூடாது, எதையும் பார்க்கக் கூடாது என்று மேலேயே போட்டிருந்தார்கள். நான் பக்கத்தில் உட்கார்ந்து என் போனில் தேடி ஏழு விடைகளைச் சொல்லிக் கொடுத்தேன். இரண்டாம் பரிசு 2,000 ரூபாய் கிடைத்தது. பணம் வந்த அன்று அவள், "உம்மா, இது நான் ஜெயிச்சதா, நீங்க ஜெயிச்சதா?" என்று கேட்டாள். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. மார்க்கக் கேள்விகள்தானே, தேடியதில் எனக்கும் அறிவு கூடியது, அவ்வளவு பெரிய தப்பா இது? இப்போது என்ன செய்வது? (சகோதரி, மேலப்பாளையம்)

பதில்: உங்கள் மகள் சரியான இடத்தில் கை வைத்திருக்கிறாள். அவள் கேள்வியோடு நான் இன்னொன்றையும் சேர்க்கிறேன். மூன்றாவதாக வந்த பிள்ளை யார்? நாலாவதாக வந்து ஒன்றுமே வாங்காமல் போனின் முன்னால் உட்கார்ந்திருந்த பிள்ளை யார்? பள்ளிக்கூட மேடையில் போட்டி நடந்தால் தோற்ற பிள்ளையின் முகம் நம் கண்ணுக்கு எதிரே இருக்கும், அதைப் பார்த்தாவது நமக்கு வெட்கம் வரும். போனில் முகம் இல்லை. அதனால் யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை, ஏதோ ஒரு குழு பரிசு கொடுத்தது, நாம் வாங்கிக்கொண்டோம் என்று தோன்றிவிடுகிறது. நஷ்டப்பட்டவர் இருக்கிறார். உங்களுக்கு அவரைத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

'முஸ்லிம்' என்ற ஹதீஸ் தொகுப்பில், நபித்தோழர் அபூஹுரைரா (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் (நபிமொழி) நம் எல்லாருக்கும் தெரிந்ததுதான், இருந்தாலும் மெதுவாக ஒருமுறை பாருங்கள். நபி (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் ஒரு தானியக் குவியலைக் கடந்து போகிறார்கள். நின்று குவியலுக்குள் கையை விடுகிறார்கள். விரல்களில் ஈரம் படுகிறது. "தானியக்காரரே, என்ன இது?" என்று கேட்கிறார்கள். "மழை பட்டுவிட்டது, அல்லாஹ்வின் தூதரே" என்கிறார் அவர். "மக்கள் பார்க்கும்படி அதை மேலே போட்டிருக்கக் கூடாதா? ஏமாற்றுகிறவர் என்னைச் சேர்ந்தவர் இல்லை" என்று சொல்லிவிட்டார்கள்.

மழை பெய்தது வியாபாரியின் குற்றம் இல்லை. தானியம் நனைந்ததும் குற்றம் இல்லை. நனைந்ததை நனைந்தது என்று காட்டி விற்றிருந்தால் விலை கொஞ்சம் குறைந்திருக்கும், வேறொன்றும் ஆகியிருக்காது. ஈரத்தைக் கீழே தள்ளி, காய்ந்ததை மேலே பரப்பினாரே, அந்தக் கை வேலைதான் குற்றம். உங்கள் மகளுக்கு ஏழு விடை தெரியாமல் போனதில் ஒரு குறைவும் கிடையாது. 11 வயதில் 23 விடை அவளுக்குத் தானாகவே தெரிந்திருக்கிறது, எத்தனை பெரியவர்களுக்கு அது தெரியும்? அந்த 23-க்காக அவளைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்திருக்கலாம். அந்த ஏழையும் போட்டு மூடியதில், அவள் உண்மையாகச் சம்பாதித்த 23-ம் இப்போது யாருடையது என்று அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. எனக்கு இதில் மிகவும் வலிப்பது இதுதான்.

நடுவர்கள் பார்த்து முடிவு சொல்லிவிட்டார்கள், பணமும் வந்துவிட்டது, இனி அது நம்முடையதுதானே என்று சிலர் நினைக்கிறார்கள். உம்மு ஸலமா (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் ஒன்று புகாரீ தொகுப்பிலும் முஸ்லிம் தொகுப்பிலும் இருக்கிறது. நபி (ஸல்) அவர்கள் சொன்னதன் கருத்து இது: நானும் மனிதன்தான், நீங்கள் என்னிடம் வழக்கு கொண்டுவருகிறீர்கள், உங்களில் ஒருவர் மற்றவரைவிட நன்றாக வாதாடக்கூடும், நான் கேட்டதை வைத்துத் தீர்ப்புச் சொல்வேன், அப்படி யாருக்காவது அவருடைய சகோதரரின் உரிமையை எடுத்துக் கொடுத்துவிட்டால் அவர் அதை வாங்க வேண்டாம், நான் அவருக்கு வெட்டிக் கொடுப்பது நெருப்புத் துண்டு. நபியவர்களே கொடுத்த தீர்ப்பாக இருந்தாலும் அடுத்தவர் பொருள் நமக்கு ஹலால் ஆகாது என்றால், ஒரு கூகுள் படிவம் கொடுத்த மதிப்பெண் எப்படி ஆக்கும்?

சரி, செய்ய வேண்டியது என்ன? தவ்பா செய்யுங்கள் (பாவத்தை விட்டு அல்லாஹ்விடம் திரும்புங்கள்), அத்துடன் பணத்தையும் திருப்பிக் கொடுங்கள். அடியார்களின் உரிமை சம்பந்தப்பட்ட பாவத்தில் இஸ்திஃக்ஃபார் (அல்லாஹ்விடம் மன்னிப்புக் கேட்பது) மட்டும் போதாது, பொருள் போய்ச் சேர வேண்டும். நடத்தியவர்களுக்கு, "நாங்கள் விதிப்படி எழுதவில்லை, பரிசைத் திருப்பி அனுப்புகிறோம், அடுத்து வந்த பிள்ளைக்குக் கொடுத்துவிடுங்கள்" என்று இரண்டு வரி எழுதினால் போதும். வாட்ஸ்அப் குழுவில் எல்லாருக்கும் அறிவிக்க வேண்டியதில்லை. அல்லாஹ் மறைத்ததை நாமே விளம்பரம் செய்ய வேண்டாம் என்பதும் நம் மார்க்கம்தான். அவர்களைக் கண்டுபிடிக்கவே முடியவில்லை என்றால் உரியவரின் பெயரில் ஏழைகளுக்குக் கொடுத்துவிடுங்கள், அதை உங்கள் ஸதகாவாக (தர்மமாக) எண்ணாமல்.

பணத்தை அனுப்பும்போது மகளைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், இதை மட்டும் விட்டுவிடாதீர்கள். விடையைச் சொல்லிக் கொடுத்தபோதும் அவள் பக்கத்தில்தானே இருந்தாள். அப்துல்லாஹ் பின் ஆமிர் (ரலி) சிறு பிள்ளையாக இருந்தபோது அவருடைய தாய், "இங்கே வா, உனக்கு ஒன்று தருகிறேன்" என்று கூப்பிட்டார். வீட்டில் இருந்த நபி (ஸல்) அவர்கள், "என்ன கொடுக்க நினைத்தாய்?" என்று கேட்டார்கள். "பேரீச்சம்பழம்" என்றார் தாய். "நீ ஒன்றும் கொடுக்காமல் விட்டிருந்தால் உன் மீது ஒரு பொய் எழுதப்பட்டிருக்கும்" என்றார்கள் நபியவர்கள். அபூதாவூத் ஹதீஸ் தொகுப்பில் இருக்கிறது. ஒரு பேரீச்சம்பழத்துக்கே அந்தக் கணக்கு. அறிவு கூடியது என்று எழுதியிருந்தீர்கள், உண்மைதான். அந்த அறிவு உங்களிடமே இருக்கும், அதை யாரும் திருப்பிக் கேட்க மாட்டார்கள்.

கேள்வி: என் மகனுக்கு 9 வயது. குர்ஆனின் ஸூரா (அத்தியாயம்) அர்ரஹ்மானை மனப்பாடமாக ஓதி, ஒரே வீடியோவாக வெட்டாமல் அனுப்ப வேண்டும் என்று போட்டி. முழுதாகப் பாடம்தான், ஆனால் நடு நடுவே இரண்டு மூன்று இடங்களில் தடுக்கிறது. நான் போனுக்குப் பின்னால் முஸ்ஹஃபை (குர்ஆன் பிரதியை) விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவன் ஒரு தடவை, கூடிப்போனால் இரண்டு தடவைதான் பார்த்திருப்பான். குர்ஆனைப் பார்த்து ஓதுவதும் நன்மைதானே? (காத்தான்குடி வாசகர்)

பதில்: பார்த்து ஓதுவது நன்மை, பெரிய நன்மை. பார்த்து ஓதிவிட்டு மனப்பாடம் என்று அனுப்புவது பொய். இரண்டையும் ஒன்றாகக் கட்டாதீர்கள், வாப்பா.

அர்ரஹ்மானில் பிள்ளைகள் ஏன் தடுக்குவார்கள் என்று ஓதிக் கொடுக்கும் எல்லாருக்கும் தெரியும். 78 ஆயத்தில் (வசனத்தில்) "ஃபபிஅய்யி ஆலாஇ ரப்பிகுமா துகத்திபான்" (உங்கள் இறைவனின் அருட்கொடைகளில் எதைப் பொய்யாக்குவீர்கள்?) 31 முறை வருகிறது, ஒவ்வொரு முறை அதை முடித்ததும் அடுத்தது எது என்று ஒரு நொடி நாக்கு நிற்கும். அந்த ஒரு நொடியில்தான் மனப்பாடம் இருக்கிறதா இல்லையா என்று தெரியும். போட்டி வைத்தவர்கள் கேட்டதே அந்த நொடியைத்தான். அதில்தான் நீங்கள் முஸ்ஹஃபை விரித்துப் பிடித்திருக்கிறீர்கள்.

இன்னொன்று, உங்கள் மனதைப் புண்படுத்தச் சொல்லவில்லை. அந்த ஸூராவின் 7, 8, 9-ஆம் ஆயத்துகளை எடுத்துத் தமிழாக்கத்தோடு படித்துப் பாருங்கள். வானத்தை உயர்த்தித் தராசை நாட்டினான், தராசில் வரம்பு மீறாதீர்கள், எடையை நீதியாக நிலைநிறுத்துங்கள், குறைத்துவிடாதீர்கள் என்று வருகிறது. உங்கள் மகன் பால் மணம் மாறாத குரலில் அதை ஓதிக்கொண்டிருக்க, அவன் கண் உங்கள் கையைத் தேடியிருக்கிறது. இதை எழுதும்போது எனக்குத் தொண்டை அடைக்கிறது. அவனுக்கு அந்த ஆயத்தின் பொருள் இன்று தெரியாது. 20 வயதில் தெரியும்போது, அதை முதன்முதலில் யார் முன்னால் எப்படி ஓதினோம் என்பதும் அவனுக்கு ஞாபகம் வரும்.

முடிவு இன்னும் வரவில்லை என்று கடிதத்தின் கீழே எழுதியிருக்கிறீர்கள். அல்ஹம்துலில்லாஹ், அப்படியென்றால் வழி லேசு. அந்த வீடியோவைத் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள். தேதி இருந்தால் மறுபடி எடுங்கள், முஸ்ஹஃபை மூடி அலமாரியில் வைத்துவிட்டு நீங்கள் அவன் எதிரில் வெறும் கையோடு உட்காருங்கள். தடுக்கினால் தடுக்கட்டும், அப்படியே அனுப்புங்கள். அதுதான் ஈரத்தை மேலே போடுவது. குர்ஆனைத் திக்கித் திணறிச் சிரமப்பட்டு ஓதுபவருக்கு இரண்டு கூலி உண்டு என்று ஆயிஷா (ரலி) வழியாக வரும் ஹதீஸை அவனுக்குச் சொல்லுங்கள், தைரியம் வரும்.

கேள்வி: நண்பனின் தங்கை ஒரு ஓவியப் போட்டியில் இருக்கிறாள். லைக் அதிகம் வாங்கிய படத்துக்குப் பரிசு. எங்கள் செட்டில் எல்லாரும் ஆளுக்கு நாலைந்து மெயில் ஐடி போட்டு லைக் போட்டோம். மற்ற படங்களை நான் திறந்துகூடப் பார்க்கவில்லை. உதவிதானே செய்தோம்? (சென்னை வாசகர்)

பதில்: தம்பி, நாலைந்து ஐடி போட்டது நேரடியான பொய், ஒரு ஆள் நாலு ஆளாக நின்றிருக்கிறீர்கள், அதில் பேசுவதற்கு ஒன்றும் இல்லை. மற்ற படங்களைப் பார்க்கவே இல்லை என்றீர்களே, அதைப் பற்றித்தான் கொஞ்சம் பேச வேண்டும்.

பாகிஸ்தானின் மார்க்க அறிஞர் முஃப்தி முஹம்மது ஷஃபீ அவர்கள் தேர்தல் ஓட்டைப் பற்றி எழுதும்போது, ஓட்டு என்பது ஒரு சாட்சியம் என்றார்கள். இவர் இதற்குத் தகுதியானவர் என்று நீ சாட்சி சொல்கிறாய், தெரியாமல் சொன்னால் பொய் சாட்சி. ஓவியப் போட்டியும் தேர்தலும் ஒன்றாகிவிடாது, ஆனால் உங்கள் கட்டைவிரல் சொல்வது அதேதான்: "இந்தப் படம்தான் நல்ல படம்." பத்துப் படத்தில் ஒன்பதைப் பார்க்காமல் அதை எப்படிச் சொன்னீர்கள்? நீதிக்குச் சாட்சியாக நில்லுங்கள், அது உங்களுக்கோ பெற்றோருக்கோ உறவினருக்கோ எதிராகவே இருந்தாலும் சரி என்று குர்ஆன் (4:135) சொல்லும்போது நண்பனின் தங்கை எங்கே வருகிறாள்?

வாங்கும் எண்ணமே இல்லாமல் ஏலத்தில் விலையை ஏற்றிவிடுவதற்கு அரபியில் நஜ்ஷ் என்று பெயர். நபி (ஸல்) அவர்கள் அதைத் தடுத்தார்கள், புகாரீயிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. பொருளின் உண்மையான மதிப்பு என்ன என்று மற்றவர் நம்புவதைக் கெடுக்கும் வேலை அது. காசு கொடுத்து லைக் வாங்குவது, ஆள் வைத்து ரிவ்யூ எழுதுவது, நீங்கள் செய்தது எல்லாம் அந்த வகையில்தான் போய்ச் சேரும். உண்மையில் உதவ விரும்பினால் ஒரு ஐடியில் போய், எல்லாப் படத்தையும் பார்த்து, பிடித்ததற்குப் போடுங்கள். அது அந்தத் தங்கையின் படமாகவே இருந்தால் ரொம்ப சந்தோஷம்.

அப்புறம், லைக் எண்ணிக்கையை வைத்துக் குழந்தைகளுக்குப் பரிசு கொடுக்கும் குழுக்களுக்கும் ஒரு வார்த்தை. சொந்தபந்தம் நிறைய உள்ள வீட்டுப் பிள்ளைதான் அதில் ஜெயிக்கும். நபியவர்கள் குதிரைப் பந்தயம் வைத்தபோது, பயிற்சி கொடுத்துத் தயார் செய்த குதிரைகளை மதீனா பக்கத்தில் ஹஃப்யா என்ற இடத்திலிருந்து ஸனிய்யத்துல் வதா என்ற இடம் வரை ஐந்தாறு மைல் ஓடவிட்டார்கள், தயார் செய்யாதவற்றை அங்கிருந்து பனூ ஸுரைக் பள்ளிவாசல் வரை ஒரு மைல்தான் ஓடவிட்டார்கள். குதிரைகளுக்கே அந்த நியாயம் பார்த்திருக்கிறார்கள்.

கேள்வி: 'இஸ்லாமும் நற்பண்புகளும்' என்ற தலைப்பில் கட்டுரைப் போட்டி. சாட்ஜிபிடியிடம் எழுதி வாங்கி, அங்கங்கே மாற்றி அனுப்பினேன். விதிகளில் கூடாது என்று எங்கும் போடவில்லை. (கல்லூரி மாணவி, வாணியம்பாடி)

பதில்: விதியில் இல்லைதான். ஆனால் கட்டுரைக்கு மேலே உங்கள் பெயரைப் போட்டீர்களே, அந்த இடத்தில் "எழுதியவர்" என்று இருந்ததா? இருந்திருக்கும். அங்கேதான் பிரச்சினை. தாங்கள் செய்யாத காரியத்துக்காகப் புகழப்படுவதை விரும்புகிறவர்களைப் பற்றி குர்ஆனின் ஆலு இம்ரான் ஸூராவில் (3:188) கடுமையான எச்சரிக்கை இருக்கிறது. தனக்குக் கிடைக்காததைக் கிடைத்ததாகக் காட்டிக்கொள்பவர் பொய்யின் இரண்டு ஆடைகளை உடுத்தியவர் போல என்று அஸ்மா (ரலி) வழியாக ஒரு ஹதீஸும் உண்டு.

நான் ஒரு முறை இப்படியொரு போட்டிக்கு நடுவராக இருந்தேன். முதலாவதாக வந்த கட்டுரை அவ்வளவு அழகு. பாராட்டத்தான் போன் போட்டேன். பேச்சுவாக்கில், "விழுமியம் என்ற சொல்லை நல்ல இடத்தில் போட்டிருக்கிறாயம்மா, அதற்கு நீ என்ன அர்த்தம் வைத்துக்கொண்டாய்?" என்று கேட்டேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. மின்விசிறி ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. நான் சோதிக்க வேண்டும் என்று கேட்கவே இல்லை, ஆனால் அந்தப் பிள்ளை அன்று பட்ட வெட்கத்தை நினைத்தால் இன்றும் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. வெட்கப்பட்டாளே, அவள் நல்ல பிள்ளை.

எழுத்துப் பிழை பார்க்க, ஒரு ஹதீஸ் எந்த நூலில் இருக்கிறது என்று தேட அந்தக் கருவியை வைத்துக்கொள்ளலாம், அது தந்ததை மூல நூலில் சரிபார்த்தே ஆக வேண்டும், இல்லாத ஹதீஸைக்கூட அது இருப்பதாகச் சொல்லிவிடும், நபியின் மீது பொய் சொல்வது சாதாரண பொய் இல்லை. வாக்கியம் உங்களுடையதாக இருக்கட்டும். இப்போதைக்கு நடத்தியவர்களுக்கு நடந்ததை எழுதுங்கள், ஏற்பதும் தள்ளுவதும் அவர்கள் பாடு. மறைக்காமல் சொல்லிவிட்டால் உங்கள் பாரம் இறங்கிவிடும்.

கேள்வி: ஆளுக்கு 50 ரூபாய் கட்டி இஸ்லாமிய வினாடி வினா, கட்டிய பணத்திலிருந்து ஜெயித்தவருக்குப் பரிசு. சேரலாமா? (திருச்சி வாசகர்)

பதில்: சேராதீர்கள். எல்லாரும் பணம் போட்டு, ஒருவர் அள்ளிக்கொண்டு, மற்றவர்கள் இழப்பது சூதாட்டத்தின் வடிவம், குர்ஆன் (5:90) அதை மதுவோடு சேர்த்துச் சொல்கிறது. கேள்விகள் இஸ்லாமியக் கேள்விகளாக இருப்பதால் அது மாறிவிடாது. பரிசை வெளியே உள்ள ஒருவர் தன் கையிலிருந்து கொடுத்தால் அது வேறு விஷயம், அறிவுக்கான போட்டியில் அதை ஆலிம்கள் (மார்க்க அறிஞர்கள்) பரவலாக அனுமதிக்கிறார்கள். 2025 ஆகஸ்டில் நம் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆன்லைன் விளையாட்டுச் சட்டமும், பணம் கட்டிப் பணம் ஜெயிக்கும் ஆட்டங்களைத் திறமையா அதிர்ஷ்டமா என்று பார்க்காமல் தடுக்கிறது.

கேள்வி: புத்தகம் பார்த்து எழுதலாம் என்று அறிவித்த போட்டியில் கூகுளில் தேடினேன். சரியா? (கீழக்கரை வாசகி)

பதில்: தாராளமாக. முஸ்லிம்கள் தாங்கள் ஒப்புக்கொண்ட நிபந்தனைகளின்படி நடப்பவர்கள் என்ற ஹதீஸ் இரண்டு பக்கமும் வேலை செய்யும், தடுத்ததைச் செய்யக் கூடாது, அனுமதித்ததைச் செய்ய அஞ்சவும் வேண்டாம். புத்தகம் என்றால் இணையமும் சேருமா என்று சந்தேகம் வந்தால் முன்கூட்டியே ஒரு செய்தி அனுப்பிக் கேட்டுவிடுங்கள்.

கேள்வி: என் மகன் இரண்டு மாதம் உட்கார்ந்து ஸீராவை (நபியவர்களின் வாழ்க்கை வரலாற்றை) படித்துத் தனியாக எழுதினான். 40-க்கு 37. பார்த்து எழுதிய பையன்கள் 40 வாங்கிவிட்டார்கள், அவர்களே தெருவில் சொல்லிச் சிரிக்கிறார்கள். இவன் அழுகிறான், "இனிமேல் நானும் பார்த்துத்தான் எழுதுவேன்" என்கிறான். அவர்களைப் பற்றிக் குழுவில் போட்டு உடைக்கவா? (அதிராம்பட்டினம் வாசகர்)

பதில்: குழுவில் போடாதீர்கள். அவர்களும் சின்னப் பிள்ளைகள், சில வீட்டில் பெரியவர்களே சொல்லிக் கொடுத்திருக்கலாம். நடத்தியவரிடம் மட்டும் தனியாக, பெயர் சொல்லாமல், "அடுத்த முறை முதல் பத்துப் பேரை வரவழைத்து நேரில் ஐந்து கேள்வி கேளுங்கள்" என்று சொல்லுங்கள். அது இப்போது பிடிப்பதைவிட நல்லது.

மகனிடம் அல்அள்பாவைப் பற்றிச் சொல்லுங்கள். நபி (ஸல்) அவர்களின் பெண் ஒட்டகம், ஓட்டத்தில் அதை எதுவும் முந்தியதே கிடையாது. ஒரு நாள் ஒரு கிராமத்து அரபி தன் இளம் ஒட்டகத்தில் வந்து அதை முந்திவிட்டார். தோழர்களுக்குத் தாங்கவில்லை, அவர்கள் முகத்திலேயே தெரிந்தது. இவ்வுலகில் உயர்கிற எதையும் தாழ்த்துவது அல்லாஹ்வின் வழக்கம் என்று நபியவர்கள் சொல்லி அதை அத்தோடு விட்டார்கள். அவர்கள் ஒட்டகமே தோற்றிருக்கிறது, இவன் தோற்றால் என்ன. இதைக் கேட்டு அழுகை நிற்காது, எனக்குத் தெரியும், பிள்ளைகளுக்கு அன்றைய வலி அன்றைக்கு இருக்கத்தான் செய்யும். அழட்டும். அழுது முடித்ததும் விடைத்தாளை எடுத்து அந்தத் தவறிய மூன்று கேள்விகளையும் இருவருமாக உட்கார்ந்து தேடிப் பாருங்கள், இப்போது பார்க்கலாம், தடையில்லை. எனக்கும் அந்த மூன்றையும் எழுதி அனுப்பச் சொல்லுங்கள், அவன் கண்டுபிடித்த விடையோடு அடுத்த இதழில் போடுகிறேன்.